விழிஞ்ஞம் வழியாக ஒரு சுங்கக் கதை

போன வருஷம் செப்டம்பர் 30-ஐ நான் மறக்கமாட்டேன். 2025-ல் அந்தத் தேதியோடுதான் கலிபோர்னியாவில் மின்சாரக் கார்களுக்குக் கொடுத்திருந்த கார்பூல் ஸ்டிக்கர் செல்லாக்காசானது. அதுவரை நான் ஒற்றை ஆளாகக் காரில் உட்கார்ந்துகொண்டு, ஃப்ரீமாண்டிலிருந்து ஆபீசுக்கு கார்பூல் லேனில் ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்தேன். எக்ஸ்பிரஸ் லேனில் பாதிக் கட்டணம்தான். மறுநாள் காலையில் 880-ல் எல்லாரோடும் சேர்ந்து நத்தை ஊர்வலம். ஸ்டிக்கர் இல்லாமல், ஆளும் இல்லாமல் கார்பூல் லேனில் புகுந்தால் குறைந்தபட்ச அபராதம் 490 டாலர். வயிறு எரிந்தது.

அந்த வார இறுதியில் விழிஞ்ஞத்தில் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் புலம்பினேன். எங்கள் பூர்வீகம் மார்த்தாண்டம் பக்கம். சித்தப்பா கல்யாணமாகி விழிஞ்ஞத்திலேயே தங்கிவிட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மக்கா, அங்க நாலு பேரா போனா சலுகை. இங்க பதவியில இருந்தா சலுகை. ஒம் தம்பி தினம் அஞ்சு பேரக் கேற்றிட்டு டெக்னோபார்க் போறான். ஒத்த ஆளு போற காருக்கு என்ன காசோ, அதேதான் அவனுக்கும்."

அவர் சொன்னது திருவல்லம் சுங்கச்சாவடியை. கழக்கூட்டத்திலிருந்து தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரோடு வரை போகிறதே, தேசிய நெடுஞ்சாலை 66-ன் புறவழிச்சாலை, அதில் இருக்கிறது. விழிஞ்ஞத்துக்குப் பக்கத்து முக்கோலா வழியாகத்தான் அந்தச் சாலை போகிறது. முக்கோலாவுக்குத் தெற்கே முழுக்க கான்கிரீட். 2021 ஆகஸ்டில் அங்கே கட்டணம் வாங்க ஆரம்பித்தபோது உள்ளூர் ஜனங்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள்.

நம் ஊர்ச் சுங்கச்சாவடிகளில் ஒரு பெரிய போர்டு பார்த்திருப்பீர்கள். குடியரசுத் தலைவர், ஆளுநர், நீதிபதி, எம்.பி. என்று கட்டண விலக்குப் பட்டியல் நீளமாகப் போகும். ஆம்புலன்சுக்கு விலக்கு, நியாயம். இருசக்கர வாகனத்துக்கும் பொதுவாகக் கட்டணம் இல்லை. 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் சொந்தக் காருக்கு மாதப் பாஸ் உண்டு. ஆனால் 'காரில் எத்தனை பேர்?' என்ற கேள்வி மட்டும் அந்தப் பட்டியலில் எங்கேயும் கிடையாது.

போனை வைத்ததும் எனக்குள் ஒரு குடைச்சல். சுங்கத்தில் யாருக்குச் சலுகை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? விட்டுக்கொடுத்த காசை வேறு யாரோ கட்டித்தானே ஆகவேண்டும்? புத்தகங்களைப் புரட்டினால், கதை சித்தப்பா வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

சுங்கத்துக்கு நம் பழைய பெயர் உல்கு. திருக்குறளில் இருக்கிறது. உல்கு வாங்கும் பெருவழியும் அதைக் காவல் காக்கும் வில்வீரர்களும் பெரும்பாணாற்றுப்படையில் வருகிறார்கள். அதே புலவர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டைகளுக்குச் சோழனின் புலி முத்திரை குத்துகிறார்கள். ஆக நெடுஞ்சாலை டோலும் துறைமுகக் கஸ்டம்ஸும் நமக்குப் புதுசு இல்லை. ஒரு வித்தியாசம்: அங்கெல்லாம் வரி சரக்கின் மேல். இப்போது வண்டியின் மேல்.

துறைமுகம் என்றால் சண்டையும் வரும். விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் தலைநகர். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் அந்தக் கோட்டையைத் தாக்கியதை அவனுடைய செப்பேடு பேசுகிறது. கோட்டைக்குக் கடலே அகழியாம். பிறகு ராஜராஜன் வந்தான். அதற்கும் பிறகு, 1070-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனின் படையும் வந்தது. கலிங்கத்துப்பரணி அதைச் சொல்கிறது.

இந்தக் குலோத்துங்கன்தான் நம் பாடப்புத்தகத்து 'சுங்கம் தவிர்த்த சோழன்'! தஞ்சைக்குப் பக்கத்துக் கரந்தைக்கு 'சுங்கந்தவிர்த்த சோழநல்லூர்' என்றே ஒரு பெயர் இருந்தது கல்வெட்டில் தெரிகிறது. வாத்தியார் இதைச் சொல்லிக்கொடுத்தபோது, எவ்வளவு நல்ல ராஜா என்று நினைத்தேன். வாத்தியார் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே ராஜா 1086-ல் நாடு முழுக்க நிலத்தை அளந்தான். அளப்பது எதற்கு? நிலவரிக்குத்தான். வியாபாரிக்குச் சுங்கம் போனது. அரசனின் செலவு எங்கேயும் போகவில்லை. உழுகிறவனின் வயலில் அளவுகோல் இறங்கியது. விழிஞ்ஞத்துக்கோ படை போனது.

எங்கள் பக்கத்தில் அடுத்த சுங்கத் தவிர்ப்பு 1865-ல். மாதவராவ் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலம். பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றுக்கும் இடையே ஒப்பந்தம் ஆகி, தங்களுக்குள் நடக்கும் வியாபாரத்துக்குப் பெரும்பாலான சுங்கத்தை எடுத்தார்கள். அப்புறம் 1956-ல் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர, நடுவில் மாநில எல்லை முளைத்தது. சின்ன வயதில் சித்தப்பா வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது அமரவிளை செக்போஸ்ட்டில் லாரிகள் வால் தெரியாமல் நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வரி செக்போஸ்ட்டுகள் போயின. நாலு வருஷத்தில் திருவல்லத்தில் டோல் வந்தது. ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கிறது :-)

இப்போது நான் வாழும் ஊருக்கு வருகிறேன். கார்பூல் லேன் எழுபதுகளின் பெட்ரோல் பஞ்சத்தில் பரவிய யோசனை. நோக்கம், ஒரே வண்டியில் நாலு பேர் போகவேண்டும் என்பது. 2005-ல் ஹைபிரிட் காருக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்தார்கள். ப்ரியஸ் வாங்கினால் மஞ்சள் ஸ்டிக்கர். ஒற்றை ஆளாகவே பறக்கலாம். நானும் அதற்காகத்தான் வாங்கினேன், சுற்றுச்சூழல் எல்லாம் பார்ட்டியில் பேச. மொத்தம் 85,000 கார்களோடு ஸ்டிக்கரை நிறுத்தினார்கள். 2011 ஜூலை 1-ல் அதுவும் முடிந்தது. பிறகு மின்சாரக் கார் வாங்கினேன். அதன் ஸ்டிக்கர் கதை மேலே சொன்னதுதான்.

பே பிரிட்ஜில் மூன்று பேராகப் போனால் டோலே கிடையாது என்று இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஓக்லாண்டிலும் பெர்க்லியிலும் வரிசையில் நின்று, வருகிற காரில் ஏறிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ போவார்கள். 2010 ஜூலையில் அவர்களுக்கும் இரண்டரை டாலர் போட்டார்கள். சாலை பராமரிப்புக்குப் பெட்ரோல் வரியிலிருந்துதான் பணம். மின்சாரக் கார்க்காரன் அதைக் கட்டுவதில்லை. அதனால் 2020-லிருந்து புது மின்சாரக் கார்களுக்கு வருஷத்துக்கு 100 டாலர் தனிக் கட்டணம் வந்தது. குலோத்துங்கனின் அளவுகோல் கலிபோர்னியாவிலும் இறங்கிவிட்டது.

நான் கோபப்பட்டது எவ்வளவு அபத்தம் என்று அப்போதுதான் உறைத்தது. விலையுயர்ந்த கார் வாங்க முடிந்த எனக்கு இருபது வருஷமாக அரசாங்கம் வழி விட்டது. பக்கத்து லேனில் பழைய காரில் வேலைக்குப் போனவர் பெட்ரோல் வரியையும் கட்டி, நெரிசலிலும் நின்றார். அங்கே தம்பி, அரசாங்கம் கேட்காமலே, ஐந்து கார் போகவேண்டிய சாலையில் ஒரு காரை ஓட்டுகிறான். கார்பூல் லேன் என்ன நினைத்துக் கட்டப்பட்டதோ, அதைச் செய்கிறவன் அவன்தான். அவனுக்கு எந்த ஸ்டிக்கரும் இல்லை.

விழிஞ்ஞத்தில் புதுத் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிகத்துக்குத் திறந்தது. 2025 மே மாதம் பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். பாண்டியனும் சோழனும் எதற்காக அங்கே வந்தார்களோ, அந்தக் கடலுக்கு இப்போது கண்டெய்னர் கப்பல்கள் வருகின்றன. இனி அந்தச் சாலையில் யாருக்குக் கட்டணம், யாருக்கு விலக்கு என்று மறுபடி கணக்குப் போடுவார்கள். பக்கத்தில் குடியிருப்பவனையும், அஞ்சு பேரைக் கூட்டிப்போகிறவனையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா?

போன வாரம் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும் மக்கா, நீ ஆபீசுக்கு யாரக் கூட்டிட்டுப் போற?" என்றார்.

அடுத்த தெருவில் ஒரு தெலுங்குக்காரர் என் ஆபீசிலேயே வேலை பார்க்கிறார். நாலு வருஷமாகக் கை மட்டும் அசைத்துக்கொள்கிறோம். திங்கட்கிழமை கதவைத் தட்டப் போகிறேன்.