குமரி மாவட்டக் குழந்தைகள் இல்லங்களும் உண்டுறைப் பள்ளிகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளைத் தங்கவைத்து, சோறும் துணியும் கொடுத்துப் படிக்கவைக்கும் நிறுவனங்களுக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. ஊர் வழக்கில் இவை 'போர்டிங்' எனப்படும். கத்தோலிக்கத் துறவியர் நடத்துவதை 'மடம்', 'கான்வென்ட்' என்றும், அரசு நடத்துவதை 'ஹாஸ்டல்' என்றும் சொல்வார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளோடு, தாயோ தகப்பனோ உயிரோடிருந்தும் படிப்புக்கு வழியில்லாத பிள்ளைகளும் தொடக்கம் முதலே இவற்றில் இருந்தனர். ஆதரவற்றோர் இல்லமாகவும் பள்ளிக்கூடமாகவும் ஒரே கூரையின் கீழ் இயங்கியதே இம்மாவட்டப் போர்டிங்குகளின் தனித்தன்மை.

பின்னணி

1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை இப்பகுதி திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் கொண்ட நாஞ்சில் நாடு நெல் விளையும் பூமி. மேற்கே கல்குளமும் விளவங்கோடும் பனையும் தென்னையும் மலையும் சார்ந்தவை. வளம் இருந்தும் அது எல்லோருக்கும் எட்டவில்லை. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றிவைக்கவும் உரிய அடிமைகளாக இருந்தனர். நாடார்கள் தலைவரியும் கூலியில்லாத ஊழியமும் சுமந்தனர். பனையேறும் குடும்பங்கள் பதநீர்ப் பருவத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பனைவிளைகளுக்குக் குடிபெயர்ந்தன. பிள்ளைகளும் உடன் போயினர். கடற்கரை ஊர்களில் ஆண் கடலில் மாண்டால் அடுப்பு அணைந்தது.

கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் ஆணை பிறப்பித்தார். ஆனால் அரசுப் பள்ளிகளின் கதவு ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திறக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திண்ணைப் பள்ளியிலும் அவர்களுக்கு இடமில்லை. போர்டிங் பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

மயிலாடியும் நாகர்கோவிலும்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், தஞ்சாவூர் சென்றபோது கிறித்தவராகி வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றார். அவருடைய அழைப்பை ஏற்று, லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியை மையமாக வைத்து ஊர்ப் பள்ளிகள் சிலவற்றைத் தொடங்கினார். தமிழில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் அங்கே கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் நாகர்கோவில் செமினரியாகவும் 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாகவும் வளர்ந்த நிறுவனத்தின் தொடக்கம், 1809இல் அவர் மயிலாடியில் இட்ட வித்து என்றே கொள்ளப்படுகிறது. ரிங்கல்தௌபே 1816இல் திருவிதாங்கூரை விட்டுச் சென்றார்.

அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் 1818இல் பணிமையத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். பையன்களைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் செமினரி அங்கே வேரூன்றியது. அடுத்த ஆண்டு சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் வந்து சேர்ந்தனர். மீட், மால்ட் குடும்பத்துப் பெண்கள் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினர். இன்றைய டதி பெண்கள் பள்ளி தன் வரலாற்றை 1819இலிருந்து கணக்கிடுகிறது.

பெண்பிள்ளைகளுக்குப் பகல்பள்ளி போதாது என்பதைப் பாதிரிகளின் மனைவியர் விரைவிலேயே கண்டுகொண்டனர். வீட்டிலிருந்து வரும் சிறுமி தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் சுள்ளி பொறுக்கவும் நிறுத்தப்பட்டாள். சில ஆண்டுகளில் கலியாணமும் முடிந்துவிடும். போர்டிங்கில் இருப்பவள் மட்டுமே தொடர்ந்து படித்தாள். அதனால் பெண்கல்விக்கும் போர்டிங்குக்கும் இங்கே பிரிக்க முடியாத உறவு ஏற்பட்டது.

ரேந்தைப் பின்னலும் விடுதலைப் பணமும்

இல்லத்தை நடத்தப் பணம் வேண்டும். அதற்கு மார்த்தா மால்ட் கண்ட வழி லேஸ் பின்னல். தமிழில் இது ரேந்தை எனப்பட்டது. 1821 அளவில் அதைப் போர்டிங் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். இறுக்கமாக அடைத்த தலையணையின்மேல், பூவேலை மாதிரி வரைந்து துளையிட்ட தடித்த தாளை விரிப்பார்கள். துளைகளில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை இடமும் வலமுமாக மாற்றிப் போட்டு, ஊசியைச் சுற்றி நூலை முறுக்கிக்கொண்டே போக வேண்டும். கண்ணும் விரலும் ஒருசேர ஓடினால்தான் பூ விழும். ஒரு முழம் பின்னவே நாள்கணக்கில் ஆகும். சென்னையிலும் இங்கிலாந்திலும் இருந்த ஐரோப்பியர் இதை விரும்பி வாங்கினர்.

நிலவுடைமைக்காரரின் வயலை நம்பாமல் ஒரு பெண் சம்பாதிக்க முடியும் என்பது அன்றைய தென்திருவிதாங்கூரில் புதுச்செய்தி. போர்டிங்கில் படித்த அடிமைச் சிறுமிகள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி முழுமையாக ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஆனால் இல்லத்தின் கணக்குச் சரிக்கட்டப் பிள்ளைகளின் உழைப்பும் தேவைப்பட்டது என்பதும் இதே செய்தியின் மறுபக்கம்.

பணத்தின் இன்னொரு ஊற்று இங்கிலாந்துத் திருச்சபையாரின் நன்கொடை. ஆண்டுக்கு ஒரு தொகை கொடுத்து ஒரு பிள்ளையின் செலவை ஏற்பவர், தாம் விரும்பும் பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டச் சொல்லலாம். இதனால் பனையேறியின் மகளும் உழவரின் மகளும் இங்கிலாந்துப் பெண்களின் பெயரோடு பள்ளிப் பதிவேட்டில் இடம்பெற்றனர். ஒரு பிள்ளை, ஒரு கொடையாளர் என்ற இந்த ஏற்பாடுதான் பின்னாளில் உலகெங்கும் பரவிய குழந்தை ஆதரவுத் திட்டங்களுக்கும் அடிப்படை.

நாகர்கோவில் மாதிரி விரைவில் பரவியது. 1828இல் மீட் நெய்யூருக்குக் குடிபெயர்ந்தபின் அது இரண்டாம் மையமாயிற்று. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்து நெல்லைச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். அங்கும் பெண்கள் போர்டிங்கையும் ரேந்தைத் தொழிலையும் வளர்த்தார்.

தோள்சீலைக் காலம்

போர்டிங்கில் படித்த பெண்கள் சாதி வழக்கத்தை மீறி மார்பை மறைத்து உடுத்தது மேல்சாதியாரின் சினத்தைக் கிளப்பியது. பாதிரிகளின் மனைவியர் தைத்துக்கொடுத்த குப்பாயம் என்ற தளர்வான மேற்சட்டை ஒருவகைச் சமரசமாக இருந்தது. 1820களில் மூண்ட கலவரத்தில் பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின. பெண்கள் தெருவில் அவமதிக்கப்பட்டனர். 1829 அரச ஆணை குப்பாயத்தை அனுமதித்தது, மேல்சாதிப் பெண்கள் அணிந்த தோள்சீலையைத் தடுத்தது. 1858-59இல் கலவரம் மீண்டும் வெடித்தபின், 1859 ஜூலை 26 ஆணை நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ஒப்புக்கொண்டது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை நீடித்தது. இந்தப் போராட்டத்தில் போர்டிங் வெறும் பின்னணி அல்ல. படித்த பெண், தைத்த உடை, சொந்தக் கூலி ஆகிய மூன்றும் அங்கிருந்தே ஊருக்குள் வந்தன.

பஞ்சமும் முளகுமூடும்

1860இல் தென்திருவிதாங்கூரைப் பஞ்சமும் காலராவும் தாக்கின. 1876-78இல் தென்னிந்தியாவையே பெரும்பஞ்சம் உலுக்கியது. இதன்பின் இல்லங்களின் நோக்கம் மெல்ல மாறியது. அதுவரை படிப்புக்காகப் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள், இனி உயிரைக் காக்கவும் சேர்க்க வேண்டியிருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதன் சிறந்த சான்று கல்குளம் வட்டத்து முளகுமூடு. கொல்லம் மறைமாவட்டத்தின் கீழிருந்த அவ்வூரில் பெல்ஜியக் கார்மேல் துறவியர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திவந்தனர். பெண்பிள்ளைகளைக் கவனிக்கத் துறவுச் சகோதரிகள் வேண்டும் என்ற அவர்களின் வேண்டுகோளை ஏற்று, பெல்ஜியத்தின் ஈப்ர் நகர மடத்திலிருந்து மரீ லூயிஸ் தெ மீஸ்டர் ஓர் இளம் சகோதரியோடு 1897 நவம்பர் 7 அன்று முளகுமூடு வந்து சேர்ந்தார். இல்லம், பள்ளி, மருந்தகம், ரேந்தைக்கூடம் என்று பணி விரிந்தது. ரேந்தைக்குப் பெயர்போன பெல்ஜியத்திலிருந்து வந்தவர்களுக்கு அத்தொழில் கைவந்த ஒன்று.

முளகுமூட்டில் தொடங்கிய இந்தச் சிறு குழு ஒரு தனித் துறவற சபையாகவே வளர்ந்தது. 1910இல் பிலிப்பைன்சுக்கும், பின்னர் கரீபியத் தீவுகள், சீனம், ஆப்பிரிக்கா என்றும் பரவிய 'மரியாவின் மாசற்ற இருதய மறைப்பணிச் சகோதரிகள்' சபை தன் பிறந்த ஊராக இன்றும் முளகுமூட்டையே குறிப்பிடுகிறது. 1930 மே 26 அன்று கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது முளகுமூடும் அதன் எல்லைக்குள் வந்தது. கடலோர ஊர்களிலும் உள்நாட்டிலும் கன்னியர் மடங்களை ஒட்டிய இல்லங்கள் பெருகின. 1890களில் நாகர்கோவிலில் கால்பதித்த இரட்சணிய சேனையும் மருத்துவமனை, பள்ளி, போர்டிங் ஆகியவற்றைச் சேர்த்தே நடத்தியது.

இருபதாம் நூற்றாண்டு

பழைய போர்டிங்குகளில் படித்த பையன்கள் உபதேசியாரும் வாத்தியாரும் ஆயினர். பெண்கள் ஆசிரியைகளாகவும் வேதாகமப் பெண்களாகவும் மருத்துவமனை ஊழியர்களாகவும் ஊர்களுக்குத் திரும்பினர். அவர்கள் போன இடமெல்லாம் பகல்பள்ளி முளைத்தது. நடந்து போகும் தூரத்தில் பள்ளி வந்துவிட்டதும் போர்டிங் இருக்க வேண்டிய காரணம் மாறியது; தொலைவின் இடத்தைப் பட்டினி பிடித்துக்கொண்டது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1959இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியாகப் பிரிந்தது. அதே 1959இல், இந்தியக் குழந்தைகளுக்கு உதவவென்றே ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் கிண்டர்நோட்ஹில்ஃபே அமைப்பு தோன்றியது. மாதந்தோறும் ஒரு தொகை, ஆண்டுக்கொரு முறை கொடையாளருக்குப் பிள்ளை எழுதும் கடிதம், கிறிஸ்துமஸ் வாழ்த்து என்ற நடைமுறை தென்னிந்தியத் திருச்சபை விடுதிகளில் நிலைபெற்றது.

மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபின் அரசும் இத்துறையில் கால்வைத்தது. ஆதிதிராவிடர் நல விடுதிகள், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள் தொடங்கப்பட்டன. பேச்சிப்பாறையை ஒட்டிய மலைகளில் வாழும் காணிக்காரர் போன்ற பழங்குடியினரின் பிள்ளைகளுக்காக உண்டு உறைவிடப் பள்ளிமுறை வந்தது. காமராசர் ஆட்சியின் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 'ஒருவேளைச் சோற்றுக்காகப் போர்டிங்' என்ற நிலையைப் பெருமளவு மாற்றின. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலச் சராசரி 80.09. தமிழ்நாட்டில் முதலிடம் இதுவே.

பேரிடர்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி முதலிய ஊர்களைச் சூறையாடியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென அரசு பேரலை தாக்கிய மாவட்டங்களில் சிறப்பு இல்லங்களைத் திறந்தது. ஆயினும் பெரும்பாலான பிள்ளைகள் சித்தி, மாமா, பாட்டி வீடுகளிலேயே வளர்ந்தனர். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் மீனவரைக் கொண்டுபோனபோது, குடும்பத்துக்குத் தலா 20 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. பிள்ளையை வெளியே எடுத்து வளர்ப்பதைவிடத் தாயின் கையில் பணத்தைக் கொடுப்பது மேல் என்ற எண்ணம் நிவாரணத்திலும் வலுப்பெற்றது.

சட்டமும் கண்காணிப்பும்

ஆதரவற்றோர் இல்லங்களை மேற்பார்வையிட 1960இலேயே மத்தியச் சட்டம் இருந்தும், நடைமுறையில் யார் வேண்டுமானாலும் வீடு பிடித்து இல்லம் நடத்த முடிந்தது. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றிய ஒரு கடிதமே, 2007 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்காக நடந்து, 2017 மே 5 தீர்ப்பில் முடிந்தது. எல்லா இல்லங்களையும் பதிவு செய்யவும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2015 இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. பிள்ளையைச் சேர்க்கலாமா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்கே உண்டு. தமிழ்நாடு 2014இல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு நன்கொடை விதிகளும் இறுகின. தமிழ்நாட்டில் பல குழந்தை ஆதரவுத் திட்டங்களை நடத்திய கம்பேஷன் இன்டர்நேஷனல் அமைப்பு இதனால் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியது.

இன்று வறுமையில் இருக்கும் குடும்பத்தோடு பிள்ளையை வைத்துக்கொள்ள அரசு பணமே தருகிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். 2025 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாட்டின் 'அன்புக்கரங்கள்' திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத பிள்ளைக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய்.

மதிப்பீடு

குமரி மாவட்டப் போர்டிங்குகள் மீது குறைகூற இடமுண்டு. பிள்ளையின் பெயரும் மதமும் கொடுப்பவரின் விருப்பத்துக்கு வளைந்தன; சிறுவயதில் தாய்மடி இழந்த தனிமை பலருக்கு ஆறாத வடுவாயிற்று; கண்காணிப்பு இல்லாத இல்லங்களில் பிள்ளைகளுக்குக் கேட்பாரில்லை. ஆனால் அரசும் ஊரும் பள்ளிக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், அடிமையின் மகளுக்கும் பனையேறியின் மகனுக்கும் எழுத்தைக் கொடுத்தது போர்டிங்தான். மாவட்டத்தின் எழுத்தறிவுப் பெருமைக்கு அதுவே முதல் காரணங்களுள் ஒன்று. பள்ளி இல்லாத குறையை அது தீர்த்துவிட்டது. வறுமையைத் தீர்ப்பது அதன் சக்திக்குள் அடங்கியதல்ல. அந்த வேலை இனி, பிள்ளை பிறந்த வீட்டிலேயே நடக்க வேண்டியது.