ஓடை நீரும் டிரம் நீரும்: பேத்துப்பாறையை முன்வைத்து மலை வீடுகளின் கொசுத் தடுப்பு

கொடைக்கானல் உருவானதே காய்ச்சலுக்குப் பயந்துதான். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கு ஒதுங்க முதலில் நாடியது சிறுமலையை. அங்கும் மலேரியா விடவில்லை. இன்னும் உயரம் தேடிப்போய் 1845-இல் பழனி மலையின் மேல்தளத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். உயரமே காப்பு என்ற நம்பிக்கை அன்றிலிருந்து இம்மலையில் ஊறிக் கிடக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் காலத்தில் அந்த நம்பிக்கை செல்லாது என்பதும், இம்மலைச் சரிவிலுள்ள பேத்துப்பாறை போன்ற ஊர்களில் வீட்டைக் காக்கும் வேலை, தண்ணீர் எப்படி வந்து சேர்கிறது, எதில் தேங்குகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பழைய மலைக்காய்ச்சலைப் பரப்பிய கொசு வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் மலேரியாவைச் சுமந்த அனாபிலிஸ் ஃபுளுவியாடிலிஸ், ஓடையின் ஓரத்தில் மெல்ல நகரும் தெளிந்த நீரில் வளர்வது, கடிப்பது இரவில். 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் சுவரில் டிடிடி அடித்தது. கடித்த கையோடு சுவரில் உட்காரும் கொசுவுக்கு அது பொருத்தமான உத்தி. ஏடிஸ் எஜிப்டியோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து வீட்டுக்குள் குடியேறிய கொசு. பகலில் கடிக்கும், தொங்கும் துணியின் மறைவிலும் கட்டிலுக்கு அடியிலும் ஒதுங்கும். சுவர் மருந்துக்கு அது எளிதில் சிக்குவதில்லை. கொசுவலையும் பகலில் தூங்கும் கைக்குழந்தைக்கும் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும்தான் பயன்படும்.

அந்நியக் கொசு என்றதும் நாம் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே நம்மைக் கருதிக்கொள்கிறோம். சென்னைக் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி 2012-இல் ஜிபூட்டியிலும், 2016-இல் எத்தியோப்பியாவிலும் தென்பட்டது. மலேரியா அற்ற நாடென்று 2016 செப்டம்பரில் சான்று பெற்ற இலங்கையில், அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் பிடிபட்டது. நம் ஊர்க் கொசு அங்கே ஊடுருவி. ஒரு கொசுவை ஊடுருவியாக்குவது பெரும்பாலும் மனிதர் நீரைச் சேமிக்கும் பழக்கமும் சரக்குப் போக்குவரத்தும்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குளிர் காக்காதா என்ற கேள்வி நியாயமானது. குளிரில் புழு கொசுவாக மாற நாள் கூடுகிறது. கொசுவின் உடலுக்குள் வைரஸ் பெருகவும் நாள் கூடுகிறது. அதற்குள் கொசு செத்தும் போகலாம். ஆனால் சுமார் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள காத்மாண்டு பள்ளத்தாக்கு 2022-இல் டெங்குவின் மையமானது. அவ்வாண்டு நேபாளத்தில் 54,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 88 பேர் இறந்தனர். அந்நாட்டில் டெங்கு முதன்முதலில் பதிவானதே 2004-இல்தான். கொடைக்கானலுக்குக் கீழே, வெப்பம் கூடிய சரிவில் இருக்கும் பேத்துப்பாறைக்கு இந்த எடுத்துக்காட்டு போதும். உயரம் தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசம் வீணாகும் இடம் தண்ணீர் டிரம்.

மலைச் சிற்றூர்களில் ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ கறுப்பு ஹோஸ் வழியாகத் தண்ணீர் இறங்கி வருவது வழக்கம். அஞ்சுவீடு அருவிக்குப் பக்கத்திலுள்ள பேத்துப்பாறை யானை நடமாட்டமுள்ள ஊர். இரவில் ஹோஸை யானை மிதித்தால் அதைச் சரிசெய்யும் வரை வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. ஆகவே இருக்கிற பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைப்பது இங்கே முன்னெச்சரிக்கை. அதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. 200 லிட்டர் நீல டிரம்மின் மேல்பகுதியை அறுத்துவிட்டால் அதற்கு மூடி கிடையாது. பழைய வேட்டியைப் போட்டு சைக்கிள் டியூபால் கட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஹோஸ் நுழையும் இடத்தில் துணி தூக்கிக்கொண்டு விரலளவு இடைவெளி விடும். கொசுவுக்கு அது தாராளமான வாசல். உள்ளே நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் கரும்புள்ளிகளாக முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த நிரப்பலில் பொரியும். பழைய டிரம்மை லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தால் கொசுவும் கூடவே ஏறிவிடுகிறது. 2024 மே முதல் கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு, முட்டைக்கு இல்லை!

வாரம் ஒருநாள் பாத்திரங்களைக் காலிசெய்யச் சொல்லும் ‘உலர் நாள்’ அறிவுரை, தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் எடுபடாது. கிடைத்த தண்ணீரை யார் கொட்டுவார்கள்? டிரம் தானாக அடி காணும் நாளில் உட்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்ப்பதுதான் அங்கே நடக்கக்கூடியது. குளிர் தரும் அவகாசம் இதற்குத்தான் உதவும்: சமவெளியில் ஏழு நாள் கெடு என்றால் மலையில் இரண்டொரு நாள் தள்ளிப்போனாலும் பெரும்பாலும் பாதகமில்லை. அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்தை ஊற்றுவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் உண்டு. ஆனால் குடிக்கும் தண்ணீரில் வாடையடித்தால் ஊற்றியவர் தெரு தாண்டுவதற்குள் அது கொட்டப்பட்டுவிடும். புகையடிப்பு அந்நேரம் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தோட்டத்துக்குத் தோட்டம் தள்ளி நிற்கும் வீடுகளில் அதற்கும் பலனில்லை. கண்ணுக்குத் தெரியும் நடவடிக்கை என்பதால்தான் அது இன்னும் நீடிக்கிறது என்பது என் கணிப்பு.

1939-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், கொசு வளரும்படி நீரைத் தேக்கி வைப்பதைத் தடுத்து, பொறுப்பை இடத்துக்கு உரியவர் மேலும் குடியிருப்பவர் மேலும் சுமத்தியது. அவர் ஏன் தேக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அதில் எழவில்லை. ஹோஸ் நுழைய அளவான துளையும் வலையும் கொண்ட மூடியை ஊராட்சி வாங்கித் தருவது அபராதத்தைவிட மலிவு. நீர்வழியை யானைத்தடத்திலிருந்து விலக்கிப் புதைப்பது அதைவிட நிலையானது.

மூடியால் அடங்காத கொசு ஒன்றும் உண்டு. ஏடிஸ் ஆல்போபிக்டஸ் ஆசியாவுக்கே உரியது. தோட்டத்தையும் காட்டோரத்தையும் சார்ந்தது. 2007-இல் கேரளத்தில் சிக்குன்குனியாவைப் பரப்பியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அங்கு ரப்பர் பால் வடியும் சிரட்டைகளில் தேங்கிய மழைநீர் அதற்குத் தோதாக அமைந்தது. இம்மலையில் ரப்பர் இல்லை. மரப்பொந்து, மூங்கில் வெட்டிய கணு, மடித்துப் போட்ட தார்ப்பாய், மருந்தடித்துவிட்டு வீசிய டப்பா, சுற்றுலாவாசி விட்டுப்போன கப் எல்லாம் உண்டு. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்று எண்ணும் பிரெட்டோ குறியீடு இவற்றில் பலவற்றைத் தொடுவதே இல்லை. வீட்டு எல்லையோடு கணக்கு நின்றுவிடுகிறது. கொசுவுக்கோ வேலிக்கு அப்பாலும் இடம் இருக்கிறது. தவிர, நாலு புழு நெளியும் தகர டப்பாவும் நூற்றுக்கணக்கில் கூட்டுப்புழு மிதக்கும் டிரம்மும் அக்கணக்கில் ஒன்றுதான். பேத்துப்பாறையில் எண்ண வேண்டியது கூட்டுப்புழுக்களை. அதுவும் வீட்டு வரிசைப்படி எண்ணாமல், ஒவ்வோர் ஊற்றுநீர்க் குழாயின் வழியே, தோட்டத்தையும் சேர்த்து. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், செப்டம்பரிலேயே ஒருமுறையும், நவம்பரில் மழை ஓயும் இடைவெளியில் மறுமுறையும் எண்ணினால் மூடிக்குச் செலவிடுவதா, தோட்டத்துக் குப்பைக்குச் செலவிடுவதா என்பதை ஊராட்சி முடிவுசெய்ய முடியும்.