தமிழ் இணைய முகவரி – சிங்கப்பூர்

தமிழ் இணைய முகவரி என்பது, கணினி நிரல் ஒன்று வலைப்பின்னலில் இன்னொரு கணினியோடு இணைப்புத் திறக்கும்போது அந்தக் கணினியைத் தமிழ் எழுத்திலேயே சுட்டும் பெயர். பன்மொழி டொமைன் பெயர்களுள் ஒரு வகை. இப்பெயர்கள் நடைமுறைக்கு வந்ததில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு முக்கியப் பங்குண்டு.

பின்னணி

வலைப்பின்னல் இணைப்பை நிரலால் திறக்கும் இன்றைய முறை, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தோடு பரவியது. சி மொழியில் எழுதுபவர் முதலில் பெயரைக் கொடுத்து எண் முகவரியைப் பெறுவார். பிறகு ‘சாக்கெட்’ எனும் இணைப்புமுனையை உருவாக்குவார். ‘கனெக்ட்’ கட்டளையால் மறுமுனையை எட்டுவார். பெயரை எண்ணாக மாற்றித் தரும் டொமைன் பெயர் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தார். அதன் நிலைத்த வடிவம் 1987இல் வெளியானது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கூறும் 63 பைட்டுக்குள் அடங்க வேண்டும். கணினிப் பெயர்களில் இலத்தீன் எழுத்து, எண், சிறுகோடு ஆகியவை மட்டுமே வரலாம் என்பது நடைமுறை விதி. தமிழ் உள்ளிட்ட பிற எழுத்துகளுக்கு அதில் இடமில்லை.

சிங்கப்பூரில் தொடக்கம்

சிங்கப்பூரின் முதல் இணையச் சேவையான டெக்நெட், 1990களின் தொடக்கத்தில் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் தலைவராக இருந்தவர் உயிர்வேதியியல் பேராசிரியர் டான் தின் வீ. தமிழ்ப் பக்கத்தில் முன்னோடியாக நின்றவர் சிறுகதை எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. இவர் ‘கணியன்’ என்னும் தமிழ் எழுத்துரு, விசைப்பலகை அமைப்பை உருவாக்கினார். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட இணையத் தொகுப்பை 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்தபோது, அதன் தமிழ்ப் பகுதி கணியன் துணையோடு திரையில் வந்தது. இணையத்தில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கம் இதுவே எனப் பலர் எழுதியுள்ளனர். அதே காலத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தமிழர் நடத்திய முயற்சிகளைக் கணக்கில் கொண்டால், முன்னோடிகளுள் ஒன்று என்பதே பாதுகாப்பான கூற்று.

1997 மே மாதம் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்த ‘தமிழ்நெட் 97’ மாநாட்டிலும் நா. கோவிந்தசாமியின் பங்கு பெரிது. பிற்கால உலகத் தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை இதிலிருந்தே எண்ணப்படுகிறது. அவர் 1999 மே மாதம் காலமானார்.

பெயரில் பன்மொழி, 1998–2000

பக்கத்தின் உள்ளடக்கம் தமிழுக்கு வந்த பின்னும் முகவரி இலத்தீனிலேயே இருந்தது. இதற்கான தீர்வை முதலில் முன்வைத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய மார்ட்டின் டூர்ஸ்ட் 1996 டிசம்பரில் வரைவு ஒன்றை வெளியிட்டார். எந்த மொழி எழுத்தையும் இலத்தீன் எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட சரமாக மாற்றிவிட்டால் பழைய பெயர் வழங்கிகளைத் தொடாமலே வேலை நடக்கும் என்பது அதன் சாரம். அதை இயங்கும் நிரலாக்கிக் காட்டியது 1998இல் டான் தின் வீயின் வழிகாட்டலில் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய குழு. லியோங் கோக் யோங் அதில் இருந்தார்.  கருத்துக்கு டூர்ஸ்ட், செயலுக்குச் சிங்கப்பூர் என்று பிரிப்பாரும் உளர்.

பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த பயோஇன்ஃபர்மாட்ரிக்ஸ் நிறுவனத்தில், பேராசிரியர் எஸ். சுப்பையாவின் தலைமையில் இப்பணி தொடர்ந்தது. 1998 அக்டோபரில் சேர்ந்த ஜேம்ஸ் செங் நிரலாக்கத்தை முன்நடத்தினார். 1999 பிப்ரவரியில் சீனா, ஜப்பான், கொரியா, தைவான், தாய்லாந்து, ஹாங்காங், சிங்கப்பூர் ஆகியவற்றின் பெயர்ப் பதிவகங்கள் பங்கேற்ற சோதனைத் தளம் தொடங்கியது. அதே ஆண்டு இப்பணி ‘ஐடிஎன்எஸ் டாட் நெட்’ என்ற தனி நிறுவனமாயிற்று. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு இதற்கெனப் பணிக்குழு அமைத்தபோது, அதன் இணைத்தலைவர்களுள் ஒருவராக ஜேம்ஸ் செங் இருந்தார். 2000 ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில், தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கான உத்தமம் அமைப்பு தோன்றியது.

தரமும் செயல்முறையும்

2003 மார்ச்சில் ஐஇடிஎஃப் பொதுத் தரத்தை வெளியிட்டது. சிங்கப்பூர்க் குழு தொடக்கத்தில் கையாண்ட குறிமுறைக்கு மாறாக, ஆடம் காஸ்டெல்லோ வகுத்த ‘பியூனிகோடு’ ஏற்கப்பட்டது.

அதன் நுட்பத்தைச் ‘சிங்கப்பூர்’ என்ற பெயரிலேயே காணலாம். நமக்கு 6 எழுத்து. ஒருங்குறிக்கு 11 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் 33 பைட்டு. பியூனிகோடு இதை, மாற்றப்பட்ட பெயர் என்று காட்டும் முன்னொட்டின் 4 குறிகளையும் சேர்த்து, 22 இலத்தீன் குறிகளுக்குள் அடக்குகிறது. முன்னொட்டை அடுத்து வரும் மூன்று குறிகள் ‘ச’வைக் குறிப்பவை அல்ல, சொல்லின் நடுவிலுள்ள ‘க’வைக் குறிப்பவை. இக்குறிமுறை எழுத்துகளை உச்சரிக்கும் வரிசையில் எடுப்பதில்லை. குறியீட்டு எண்ணில் சிறியதை முதலில் எடுத்து, மற்றவை எங்கே செருகப்பட வேண்டும் என்பதை இடைவெளிகளாகவே எழுதிச் செல்கிறது. 2965 என்ற எண்ணுடைய ‘க’ இச்சொல்லின் எழுத்துகளில் மிகச் சிறியது. அதனால் முதலிடம் பெறுகிறது. மறுமுனையில் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் ‘சிங்கப்பூர்’ மீள்கிறது.

பிற்கால நிலை

2011இல் ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் மேல்நிலைப் பெயர், சீன எழுத்துப் பெயரோடு சேர்த்து இணையத்தின் வேரில் சேர்க்கப்பட்டது. ‘.இலங்கை’, ‘.இந்தியா’ ஆகியவையும் ஏறத்தாழ அதே காலத்தவை. பயன்பாடு குறைவு. சிராங்கூன் சாலைக் கடைப் பலகைகளில் பெயர் தமிழில் இருந்தாலும் இணைய முகவரி பெரும்பாலும் இலத்தீனிலேயே உள்ளது.

இணைப்பு நிரல் எழுதுவோரின் பொறுப்பும் இதில் உண்டு. லினக்ஸின் சி நூலகத்தில் முகவரி தேடும் ‘கெட்அட்ரின்ஃபோ’ செயற்கூறு தமிழ்ப் பெயரை மாற்றித் தரும். ஆனால் அதற்குரிய குறியை நிரலாளர் சேர்த்துக் கொடுக்க வேண்டும், நிரலின் மொழிச்சூழலும் சரியாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். புதிய முறைமை மொழியான ரஸ்ட்டின் தர நூலகம் இம்மாற்றத்தைச் செய்வதில்லை. தனி நூலகம் சேர்க்க வேண்டும். உலாவிகள் இதைத் தாமே செய்துகொள்கின்றன. மற்ற நிரல்களை எழுதுபவர் இந்த ஒரு படியைச் சேர்க்காவிட்டால், வேரில் பதிவாகியிருந்தும் தமிழ் முகவரி திறக்காது.