சாவகச்சேரி: வந்தவர்களின் பெயரில் ஓர் ஊர்

 

ஒக்டோபர் மாதம் வந்தால் நாங்கள் எல்லோரும் 30ஆம் திகதியைப் பற்றி எழுதுவோம். ஒஸ்மானியாக் கல்லூரி, ஜின்னா மைதானம், இரண்டு மணி நேர அவகாசம் என்று முகநூல் நிறைந்துவிடும். எழுதத்தான் வேண்டும். ஆனால் யாழ் குடாநாட்டில் வெளியேற்றம் தொடங்கிய நாள் 1990 ஒக்டோபர் 15. தொடங்கிய இடம் சோனகதெரு அல்ல, சாவகச்சேரி. அங்கே வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் சிறு எண்ணிக்கை என்பதால் எங்கள் பேச்சிலும் அந்த ஊர் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இன்று அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பெயர். சாவகர் இருந்த சேரி சாவகச்சேரி என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். மலாய் தீபகற்பம், யாவா, சுமாத்திரா பக்கத்து மக்களை நம் முன்னோர் சாவகர் என்றார்கள். மணிமேகலையிலேயே சாவக நாடு வருகிறது. 1247இல் சந்திரபானு என்ற அரசன் கப்பல்களோடு இலங்கைக்கு வந்து இறங்கினான். இன்றைய தென் தாய்லாந்தில் இருந்த தாம்பரலிங்கம் அவனுடைய நாடு. அப்போது தம்பதெனியாவில் ஆண்டவன் இரண்டாம் பராக்கிரமபாகு. தெற்கில் சந்திரபானுவுக்கு வெற்றி கிடைக்கவில்லை. வடக்கில் சில காலம் ஆட்சி செய்தான். பிறகு பாண்டியர் படையெடுத்து வந்து அவனை அடக்கினார்கள். அவனோடு வந்தவர்கள் குடியிருந்த இடங்களில் ஒன்றாகவே சாவகச்சேரியைக் கருதுகிறார்கள்.

அந்தச் சாவகரின் பிள்ளைகள் யார் என்று இன்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. அவர்கள் மண்ணோடு கலந்துவிட்டார்கள். பெயர் மட்டும் 700 வருடங்களுக்கு மேலாக நிற்கிறது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்களின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்ட ஊர் அது. ஊர் என்பது ஒரே ஆட்களால் ஆனதென்று யாராவது சொன்னால், சாவகச்சேரி என்ற பெயரையே அதற்குப் பதிலாகச் சொல்லலாம்.

போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே கிறிஸ்தவ ஆலயம் எழுந்தது. ஒல்லாந்தர் காலத்துப் பாதிரியார் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட தனது நூலில் அந்த ஆலயத்தைக் குறிப்பிடுகிறார். ஆங்கிலேயர் காலத்தில் ரயில் வந்தது. வடக்கு ரயில் பாதையில் முதலில் திறக்கப்பட்ட பகுதி எது தெரியுமா? 1902 மார்ச்சில் காங்கேசன்துறையில் இருந்து சாவகச்சேரி வரை போட்ட பாதைதான். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு முழுதாக ரயில் ஓடத் தொடங்கியது 1905இல். அதற்கு முன்பே சாவகச்சேரி ரயிலைக் கண்டுவிட்டது.

ரயில் வந்ததும் சந்தை வளர்ந்தது. தென்மராட்சி மண் வலிகாமத்துச் செம்மண் போன்றதல்ல. வெங்காயமும் புகையிலையும் வலிகாமத்தின் பலம் என்றால், மணல் கலந்த தென்மராட்சியின் பலம் தென்னை, பனை, மா, பலா, மழையை நம்பிய நெல். மீசாலை மாம்பழம் என்றால் இன்றும் யாழ்ப்பாணத்தில் விலை பேசாமல் வாங்குவார்கள். கறுத்தக்கொழும்பான், அம்பலவி, பலாப்பழம், தேங்காய், ஒடியல், பினாட்டு எல்லாம் கடகத்திலும் சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் வந்து இறங்கிய இடம் சாவகச்சேரிச் சந்தை. அரசனும் கோட்டையும் இல்லாத ஊர் அது. அதை நகரமாக்கியது சந்தைதான். நகரசபையும் கல்லூரிகளும் அந்தச் சந்தையைச் சுற்றி வளர்ந்தவைதாம். சாவகச்சேரி இந்துக் கல்லூரியிலும் டிறிபேர்க் கல்லூரியிலும் படித்தவர்கள் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

சந்தை ஊருக்கு ஒரு குணம் உண்டு. விற்பவனுக்கு வாங்குபவன் வேண்டும். தோட்டக்காரனுக்கு மண்வெட்டி விற்பவனும், தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புடைவை விற்பவனும், சட்டை தைப்பவனும் வேண்டும். யாழ்ப்பாண முஸ்லிம்கள் வழிவழியாகச் செய்துவந்த தொழில்கள் இவைதாம்: புடைவைக் கடை, இரும்புக் கடை, தையல், இறைச்சிக் கடை, லொறி வியாபாரம். சாவகச்சேரியில் பள்ளிவாசல் இருந்ததும் அதனால்தான். கோயில் மணியும் பாங்கும் ஒரே சந்தைக்குக் கேட்டன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டினால் வாடிக்கையாளர் காத்திருப்பார். கடன் கொப்பியில் இரண்டு பக்கப் பெயர்களும் இருக்கும்.

பிறகு போர் வந்தது. 1984 நவம்பரில் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. 1987 ஒக்டோபர் 27இல் இந்திய அமைதிப்படையின் ஹெலிகொப்டர்கள் சந்தைப் பகுதியைச் சுட்டன. காய்கறி வாங்க வந்த சனம் செத்து விழுந்தது. 1990 ஜூனில் ரயில் நின்றது. அதே வருடம் ஒக்டோபர் 15இல் விடுதலைப் புலிகள் சாவகச்சேரி முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களின் முறை. வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். கடையும் வீடும் நகையும் கடன் கொப்பியும் அங்கேயே கிடந்தன.

சரியாக ஐந்து வருடம். 1995 ஒக்டோபர் 30. இப்போது யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்களின் முறை. இராணுவம் முன்னேறி வர, வலிகாமமே காலியாகியது. மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்குள் வந்தார்கள். கோயில், பாடசாலை, மாமரத்தடி என்று சாவகச்சேரி அவர்களுக்கு இடம் கொடுத்தது. 2000ஆம் ஆண்டு ஆனையிறவு விழுந்த பிறகு சண்டை சாவகச்சேரிக்குள் நுழைந்தது. மே முதல் செப்டெம்பர் வரை நடந்த சண்டையில் நகரம் தரைமட்டமானது. இடம் கொடுத்த ஊரே இடம் இல்லாமல் போனது.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் தூரம் அழைத்துப் போகிறேன். இந்தியாவின் பஞ்சாபில் மாலேர்கோட்லா என்று ஒரு ஊர் இருக்கிறது. சாவகச்சேரியைப் போலவே வயலும் தோட்டமும் சந்தையுமான ஊர், மரக்கறிக்குப் பேர்போனது. சுற்றிவரச் சீக்கியர், ஊருக்குள் முஸ்லிம்கள் அதிகம். 1947 பிரிவினையில் பஞ்சாப் முழுவதும் இரத்த ஆறு ஓடியது. கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்கள் இருந்த இடம் தெரியாமல் போனார்கள். மாலேர்கோட்லா மட்டும் பெரிய கொலைகள் இல்லாமல் தப்பியது. பக்கத்துக் கிராமத்து முஸ்லிம்கள் உயிர் தப்ப ஓடியதும் அங்கேதான்.

ஏன்? பஞ்சாப் மக்கள் சொல்லும் காரணம் இது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிர்ஹிந்தின் ஆளுநர் வசீர்கான், குரு கோவிந்த் சிங்கின் இரண்டு இளம் பிள்ளைகளை உயிரோடு சுவர் வைத்துக் கட்டச் சொன்னான். மாலேர்கோட்லா நவாப் ஷேர் முஹம்மத் கான் குருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று போரிட்டவர். ஆனாலும் பிள்ளைகளைக் கொல்வது இஸ்லாத்துக்கு முரண் என்று அதே சபையில் குரல் கொடுத்தார். பிள்ளைகளை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தக் குரலைச் சீக்கியர்கள் மறக்கவில்லை. அதன் நினைவாக அந்த ஊரில் ஒரு குருத்வாராவும் இருக்கிறது. ஆய்வாளர்கள் வேறு காரணங்களையும் சொல்வார்கள். அது இருக்கட்டும். எதிரி சொன்ன ஒரு நல்ல வார்த்தையை 240 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சமூகம் அது. அந்தப் பாடம் ஒரு ஊரைக் காப்பாற்றியது என்று அவர்கள் நம்புகிறார்கள்.

இப்போது எங்களிடம் வருவோம். நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம்?

முஸ்லிம் வீடுகளில் 1990ஐச் சொல்கிறோம். 1987இல் சந்தையில் செத்தவர்களையும், 1995இல் பாலம் கடந்தவர்களையும், 2000இல் தரைமட்டமான நகரத்தையும் சொல்வதில்லை. தமிழ் வீடுகளில் 1987ஐயும் 1995ஐயும் சொல்கிறார்கள். 1990 ஒக்டோபர் 15 வரும்போது பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டு பக்கமும் பாதி ஊரைத்தான் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். பாதி ஊரை மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, நாளை பக்கத்து வீட்டுக்காரனைப் போ என்று யாராவது சொல்லும்போது, அது தன் ஊரையே வெட்டும் வேலை என்று எப்படி விளங்கும்?

அன்று அழுத அயலவர்கள் இருந்தார்கள். சாவி வாங்கி வைத்தவர்கள் இருந்தார்கள். பயத்தில் வாய் திறக்க முடியாமல் நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களின் பெயர்களும் எங்கள் வரலாறுதான். எங்களுக்குச் செய்யப்பட்ட அநியாயத்தைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிட்டால் எங்கள் சாட்சியம் குறைபட்டுவிடும். அநியாயத்தை மூடிவிட்டு அவர்களை மட்டும் சொன்னாலும் அது சாட்சியம் ஆகாது.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. சாவகச்சேரியில் சந்தை கூடுகிறது, மாம்பழக் காலத்தில் வாசனை வீதிக்கு வருகிறது. போனவர்களில் சிலர் வந்திருக்கிறார்கள். பலர் புத்தளத்திலேயே பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். 1990க்கு முன் சாவகச்சேரியில் வாழ்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கடை எங்கே இருந்தது, பக்கத்துக் கடை யாருடையது, பள்ளிவாசலில் யார் ஓதிக்கொடுத்தார், யார் சாவியை வைத்திருந்தார் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். தமிழ் உறவுகளும் எழுதுங்கள். அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. சாவகர் ஊருக்குப் பெயரையாவது விட்டுப் போனார்கள். எங்கள் முன்னோர் விட்டுப் போனது இந்தப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.