மெல்லிய காற்றில் இறங்கிய டக்கோட்டா

1948 மே 24. லே ஊருக்கு அருகே, கல்லைப் பொறுக்கி மேடு பள்ளத்தை நிரவிப் போட்ட ஒரு மண் தளத்தில் முதல்முறையாக ஒரு விமானம் இறங்கியது. ஓட்டி வந்தவர் ஏர் கமடோர் மெஹர் சிங். கூட வந்தவர் மேஜர் ஜெனரல் திம்மையா. இதை ஒரு வீரக்கதையாக நீங்கள் படித்திருக்கலாம். வானிலைத் துறையில் காலம் தள்ளிய எனக்கு, அந்தக் கதையில் இன்னொரு முக்கியமான ஆளும் தெரிகிறது. அதுதான் காற்று.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில் மேஜர் பிருத்வி சந்த் தலைமையில் டோக்ரா படையினர் சிலர், பனி மூடிய ஜோஜி லா கணவாயை நடந்தே கடந்து மார்ச்சில் லே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு போன லடாக்கிப் பொறியாளர் சோனம் நோர்பு, ஊர் மக்களைத் திரட்டி விமானத் தளத்தை அமைத்தார். மே மாதம் கார்கில் எதிரிகளின் கைக்குப் போனது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழி அறுந்தது. லேயில் இருந்ததோ கைப்பிடி அளவு படை. ஆளும் தோட்டாவும் சீக்கிரமாகப் போக வேண்டுமென்றால் ஆகாய வழி ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். லே விமானத் தளத்தின் உயரம் 10,682 அடி. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதனால் விமானத்துக்கு மூன்று வகையில் நஷ்டம். எஞ்சின் பெட்ரோலை எரிக்கக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் குதிரைத் திறன் குறையும். புரொப்பெல்லர் பின்னால் தள்ளுவதற்கும் காற்றுதான் வேண்டும். அதன் இழுவையும் குறையும். இறக்கையைத் தூக்கிப் பிடிப்பதும் அதே காற்றுதான். அது மெலிந்து போனால், அதே எடையைத் தாங்க விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும்.

விமானியின் முன்னால் இருக்கும் வேகமானி, இறக்கை உணரும் காற்றின் வேகத்தைத்தான் காட்டும். அதனால் டெல்லியில் இறங்கும்போது பார்த்த அதே எண்ணைத்தான் லேயிலும் பார்ப்பார். ஆனால் சக்கரம் தரையைத் தொடும்போது உண்மையான வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக இருக்கும். பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதுவும் மண் தளத்தில்! இறங்கியபின் மறுபடி ஏற வேண்டுமே, அது இன்னும் கஷ்டம். எஞ்சினில் பலம் குறைவு, ஓட வேண்டிய தூரமோ அதிகம். சுற்றிலும் மலை. இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உயரத்தோடு வெயிலும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். சூடான காற்று விரியும், மெலியும். மீனம்பாக்கத்தில் 40 டிகிரி அடிக்கும் மே மாதப் பிற்பகலில், 15 டிகிரியில் இருப்பதைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. அந்த நேரங்களில் விமானிகள் எங்களிடம் மழையைப் பற்றிக் கேட்பதைவிட வெப்பநிலையைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பது அந்த ஓர் எண்ணில் இருந்தது. லேயில் 25 டிகிரி வந்தாலே, விமானத்தைப் பொறுத்தவரை அது சுமார் 14,000 அடி உயரத் தளம் போலத்தான்.

மெஹர் சிங் கொண்டுபோன டக்கோட்டாவில் பயணிகளுக்குக் காற்றழுத்தம் காக்கும் ஏற்பாடு கிடையாது. ஜோஜி லா கணவாயே 11,500 அடிக்கு மேல். பக்கத்துச் சிகரங்கள் அதைவிட உயரம். இருந்தும் போய் இறங்கினார், திரும்பியும் வந்தார். இறங்க முடியும் என்று தெரிந்ததும் கூர்க்கா வீரர்களை விமானத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். லே தப்பியது. மெஹர் சிங்குக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 1952-ல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

அதன் பிறகு நம் விமானப்படை சரக்கு விமானம் தேடியபோதெல்லாம் இந்த மெல்லிய காற்றே முதல் கேள்வியாக நின்றது. பாக்கெட் விமானங்களின் முதுகில் கூடுதலாக ஒரு ஜெட் எஞ்சினைப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட ஒரு பாக்கெட்தான் 1962-ல், 16,000 அடிக்கும் மேலே உள்ள தௌலத் பெக் ஓல்டியில் இறங்கியது. பின்னால் வந்த ஏ.என்.-32, உயரமும் வெயிலும் சேர்ந்த இடங்களுக்காகவே அதிக பலமுள்ள எஞ்சின்களோடு அமைக்கப்பட்டது.

இப்போது லேக்குச் சுற்றுலா போகிறவர்கள், விமானத்தை ஏன் விடியற்காலையிலேயே வைக்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறார்கள். காலையில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வேகமாகவும் வீசும். காரணம் அதுதான். போய் இறங்கியதும் முதல் இரண்டு நாள் அலையாமல் ஓய்வெடுங்கள். எஞ்சினைத் திணறடிக்கும் அதே காற்றைத்தான் நம் நுரையீரலும் சுவாசிக்க வேண்டும்.