யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்?

தோழர்களே, மிஷனரிகளின் வரலாறு நமக்குத் தியாகக் கதையாகவோ மதமாற்றச் சதியாகவோதான் சொல்லப்படுகிறது. இரண்டிலும் சேரி மக்களுக்கு வாய் கிடையாது. திருச்சியின் வரலாற்றை அவர்கள் பக்கமிருந்து பார்ப்போம்.

ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1762இல் திருச்சிக்கு வந்தார். 1766இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. தமிழ், பாரசீகம், இந்துஸ்தானி, போர்த்துகீசியம் எல்லாம் அவருக்குத் தெரியும். பட்டாளத்துக்காரர், முஸ்லிம்கள், பிராமணர்கள் என்று எல்லாரிடமும் பேசினார். கேட்டவர்களுக்கு ஆர்வம் இருந்தது, வேலையும் இருந்தது. "நல்ல பேச்சு" என்று சொல்லிவிட்டுப் பலர் நடையைக் கட்டினார்கள். வாதத்தில் தோற்றதாலா திரும்பிப் போனார்கள்? இல்லை. மாறினால் சொந்தமும் சாதியும் தள்ளிவைக்கும் என்ற பயம்தான் பெரிய தடை.

சபைக்கு வந்தவர்களில் வேளாளரும் இருந்தார்கள், பறையரும் இருந்தார்கள். ஆனால் அந்த மிஷன் சபைகளில் இருவரும் தனித்தனியாகவே உட்கார்ந்தார்கள். சுவார்ட்ஸ் அதைப் பொறுத்துக்கொண்டார். காலம் மாற்றும் என்று நம்பினார்கள். காலம் மாற்றவில்லை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சை வட்டாரத்தில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாமியை மாற்றிக்கொண்டவர்களால் பக்கத்து இருக்கையை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம். பெரிய கோயில்களுக்குள் நுழையும் உரிமையை நம் மக்களுக்குச் சட்டம் முழுதாக உறுதிசெய்ய 1947 ஆனது. இக்கரையில் தேவாலயக் கதவு திறந்திருந்தது. உள்ளே கோடு போட்டிருந்தது. மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் செத்தவர்களைப் பிரித்த சாதிச் சுவரை எதிர்த்து நம் காலத்திலும் போராட வேண்டியிருந்தது.

சந்தேகத்தோடு எட்டிப் பார்க்கிறவருக்கு நீண்ட பிரசங்கம் கேட்க நேரமில்லை. யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார். அவருக்கு அதுதான் வேதம்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான பாடம் அல்ல. நாமும் அம்பேத்கரை எடுத்துக்கொண்டு, நேரமில்லாத, நம்பிக்கையில்லாத மாணவர்களிடம் போகிறோம். நம் கூட்டத்தில் மேடையில் யார், நாற்காலி போடுகிறவர் யார், பெண்கள் எங்கே, அருந்ததியர் எங்கே? துண்டறிக்கையைப் படிப்பதற்கு முன்பே அவர்கள் அதைப் பார்த்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் நாமும் பார்த்துவிடுவோம்.