பிளெக்காப்டெரா

ஓடும் நீரில் கற்களைப் பற்றி வாழும் கல்லீக்களின் வரிசைக்கு ‘பிளெக்காப்டெரா’ என்னும் நாமத்தை 1839-இல் சூட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் பர்மைஸ்டர். கிரேக்க பாஷையில் ‘பிளெக்கோ’ என்றால் பின்னுதல், ‘ப்டெரோன்’ என்றால் சிறகு. வளர்ந்த பூச்சியின் சிறகில் நரம்புகள் வலைபோல் பின்னிக் கிடப்பதையே இப்பதம் குறிக்கிறது.

ஆயினும், ஆயுளின் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே கழிக்கும் இளம்பூச்சிக்கு மார்பின்மேல் சிறகு மொட்டுக்களன்றிச் சிறகு இல்லையாதலால், அதை இனங்காண இந்தப் பெயர் உதவாது. மே ஈயின் இளம்பூச்சியும் அதே கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லீக்கு வால் இழைகள் இரண்டு, மே ஈக்கு மூன்று என்பது பொதுவிதி. ஆனால் இரட்டை வாலுள்ள மே ஈக்களும் உண்டாகையால், வாலை மாத்திரம் நம்புவது உசிதமன்று. பூதக்கண்ணாடியால் கால் நுனியை நோக்கினால், கல்லீக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்கள், மே ஈக்கு ஒன்றே. என் அபிப்பிராயத்தில் இதைவிட நிச்சயமான லட்சணம் வேறில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் ‘நியோபெர்லா’ போன்றவற்றில், கால்கள் மார்போடு சேருமிடத்தில் வெண்ணிறச் செவுள்கள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்குவதையும் காணலாம். மே ஈக்கோ அவை வயிற்றின் இருமருங்கிலும் அமைந்திருக்கும்.

பார்த்து முடித்ததும், புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.